காந்தம் ஒட்டாத டம்ளர் போலியா?
கரண்டியில் காந்தம் ஒட்டுகிறது, டம்ளரில் ஒட்டவில்லை, அப்படியானால் டம்ளர் போலியா என்று கேட்டிருக்கிறீர்கள். கவலை வேண்டாம், இரண்டுமே எவர்சில்வராக இருக்கலாம். எவர்சில்வரில் 304 என்ற ரகத்தில் சுமார் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் உண்டு. உலோகத்தின் அணு அடுக்கையே நிக்கல் மாற்றிவிடுவதால் காந்தம் அதைப் பிடிப்பதில்லை. நிக்கல் சேர்க்காத 430 ரகத்தில் சட்டென ஒட்டும். ஆனால் ஒட்டாததெல்லாம் உயர்ந்த ரகம் என்றும் முடிவுகட்டாதீர்கள்; மாங்கனீசு மிகுந்த 200 வரிசையிலும் ஒட்டாது.

எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று: சிறிய, வலுவான காந்தத்தை நூலில் தொங்கவிட்டு டம்ளரின் சுருட்டிய விளிம்பருகே மெல்லக் கொண்டுபோங்கள். அடிப்பகுதியின் நடுவில் அசையாத காந்தம் அங்கே லேசாகச் சாயக்கூடும். தகட்டை அழுத்தி வளைத்த இடத்தில் அணு அடுக்கு கொஞ்சம் மாறியிருக்கும், அதனால்தான்.