விடியற்காலை நடையில் துரத்தும் நாய்கள்

வேலைக்கு நடந்து போகும்போது இரண்டு நாய்கள் குரைத்தபடி பாய்ந்து வருவதாகவும், பயத்தில் ஓடிவிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். தயவுசெய்து ஓடாதீர்கள். ஓடுவதைப் பார்த்தால் நாய்க்குத் துரத்தத்தான் தோன்றும். அதன் வேகத்துக்கு நம்மால் ஈடுகொடுக்கவும் முடியாது.

சட்டென்று நின்றுவிடுங்கள். கண்ணோடு கண் பார்க்காமல், உடம்பைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, நாய் ஓரப்பார்வையில் இருக்கும்படி மெல்லப் பின்வாங்குங்கள். முதுகைக் காட்ட வேண்டாம். என்னையும் ஒரு நாய் இப்படி மறித்திருக்கிறது. தோள்பையைக் கழற்றி முழங்காலுக்கு முன்னால் பிடித்துக்கொண்டேன். அது பையின் வாரைத்தான் கவ்வியது. நான் பையை விட்டுவிட்டு நகர்ந்தேன். குடை இருந்தால் இன்னும் நல்லது, விரித்து உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் பிடிக்கலாம். இரண்டு நாய் என்பதால் சுவரையோ நிற்கும் வண்டியையோ ஒட்டி நில்லுங்கள், பின்னால் வந்து கடிக்க முடியாது.

கீழே விழுந்துவிட்டால் சுருண்டு, கைகளால் கழுத்தையும் காதுகளையும் மூடிக்கொள்ளுங்கள்.

அப்புறம், பல் லேசாகக் கீறினாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் போய்விடுங்கள். ரேபிஸ் என்கிற வெறிநாய்க்கடி நோயின் அறிகுறி வந்தபின் காப்பாற்றுவது அநேகமாக முடியாது.