வால்வு டிவிய திரும்ப ஓட விடலாமா?

கேள்வி: 1950கள்ல வந்த வால்வு (டிரான்சிஸ்டருக்கு முன்னாடி இருந்த கண்ணாடி டியூப்) போர்ட்டபிள் டிவி ஒண்ணு கெடச்சுது சார், பிளக்க சொருகி பாக்கலாமா?

பதில்: ஐயோ, சொருகிடாதீங்க! இத்தன வருஷம் சும்மா கெடந்ததுல எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் (சார்ஜ சேத்து வெக்கிற பாகம்) காஞ்சிருக்கும், பேப்பர் கப்பாசிட்டர் லீக் ஆகும், நேரா கரண்ட் குடுத்தா ரெக்டிஃபையரும் (ஏசிய டிசியா மாத்துற பாகம்) சேந்து போயிடும். மொதல்ல இந்த ரெண்டு வகையையும் மாத்துங்க, அப்புறம் குண்டு பல்ப சீரிஸ்ல (டிவிக்குப் போற கரண்ட் பல்ப் வழியா போற மாதிரி) போட்டு ஆன் பண்ணுங்க, பல்ப் முழு வெளிச்சத்துல எரிஞ்சுட்டே இருந்தா எங்கயோ ஷார்ட். பாலிஷ் போடுறதெல்லாம் கடைசி வேல.

வெயிட்ட கொறைக்கணும்னு போர்ட்டபிள் செட்டு நெறயத்துல மெயின்ஸ் டிரான்ஸ்ஃபார்மரே வெக்கல, அதனால சேசிஸ்லயே (உள்ள இருக்குற உலோகச் சட்டம்) கரண்ட் இருக்கலாம், மெயின்ஸ்லேந்து செட்ட பிரிச்சு வெக்கிற ஐசொலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாம கை வெக்கவே கூடாது. பிக்சர் டியூப் ஆனோடுல (ஹை வோல்டேஜ் போற முனை) 10,000 வோல்ட் பக்கம் ஓடும், ஆஃப் பண்ணாலும் சார்ஜ் தங்கும், டிஸ்சார்ஜ் பண்ணத் தெரிஞ்ச ஆள கூட வெச்சுக்குங்க (டியூப் கழுத்துல எதுவும் இடிச்சிடாம பாத்துக்குங்க, ஒடஞ்சா கண்ணாடி செதறும்).

எந்த வால்வுமே எரியலன்னா பதறாதீங்க, இந்த மாதிரி செட்ல ஹீட்டர் (வால்வ சூடாக்குற கம்பி) எல்லாம் சீரியல் லைட்டு மாதிரி ஒரே வரிசைல இருக்கும், ஒண்ணு போனா மொத்தமும் அணையும், மீட்டர் வெச்சு ஒவ்வொண்ணா பாருங்க. டிஜிட்டல் சிக்னல இந்த டிவியால எடுக்க முடியாது, அதனால படம் பாக்க, வீடியோவ பழைய ஆன்டெனா சிக்னலா மாத்திக் குடுக்குற ஒரு ஆர்எஃப் மாடுலேட்டர் வாங்கிக்குங்க.