ந.க. எண் என்ன? (வாசகர் கேள்வி பதில்)

நகராட்சி அலுவலகத் தபால் பிரிவில் 31 ஆண்டுகள் முத்திரை குத்திவிட்டு 2017இல் ஓய்வு பெற்றவள் நான். இப்போது அதே மேசைக்கு இந்தப் பக்கம் நின்று மனு கொடுக்கிறேன். உள்ளாட்சி பற்றிக் கேளுங்கள் என்று சென்ற இதழில் எழுதியதற்கு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில். பேரையும் ஊரையும் போட்டுவிடாதீர்கள் என்று ஏறக்குறைய எல்லோரும் கேட்டிருப்பதால் போடவில்லை. என் ஊர்ப் பெயரும் வராது.

எங்கள் தெருச் சாக்கடை இரண்டு வருடமாக அடைத்துக்கொண்டு வாசலில் தேங்குகிறது. நான்கு முறை மனு கொடுத்தோம். கவுன்சிலர் 'நிதி இல்லை' என்கிறார். தெருவே திரண்டு மறியல் செய்யலாமா அக்கா? (ஓர் இல்லத்தரசி)

செய்யலாம். அதற்கு முன் ஒன்று சொல்லுங்கள்: அந்த நான்கு மனுவுக்கும் ந.க. எண், அதாவது அலுவலகம் போட்ட கோப்பு எண், இருக்கிறதா?

மனுவை யார் கையிலாவது கொடுத்துவிட்டு வருவது மனு கொடுத்ததாக ஆகாது. தபால் பிரிவில் அது பதிவாக வேண்டும். பிறகு பொறியியல் பிரிவு எழுத்தரின் தன் பதிவேட்டில் ஏற வேண்டும். அங்கே ஏறினால்தான் அதற்கு ஓர் எண் கிடைக்கும். எண் கிடைத்தால்தான் அது கோப்பு. எண் இல்லாத மனு வெறும் காகிதம். அதில் வடை மடித்ததை நானே பார்த்திருக்கிறேன். வடையைத் தின்றவர்களில் நானும் ஒருத்தி.

என் தெருக் கதையைச் சொல்கிறேன். ஓய்வு பெற்ற மறு வருடம் எங்கள் சாக்கடைக்காக மனு கொடுத்தேன். 'தங்கள் தெருவில் பணி ஏற்கெனவே முடிக்கப்பட்டுள்ளது' என்று பதில் வந்தது. வாசலில் நின்று பார்த்தால் கால்வாய் பாதித் தெருவோடு நிற்கிறது. சண்டை போட வேண்டும் என்றுதான் முதலில் தோன்றியது. அப்புறம் பழைய புத்தி வேலை செய்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் எழுதி, பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினேன். கேட்டது மூன்றே மூன்று: பணி ஆணையின் நகல், அளவுப் புத்தகத்தின் நகல், பணம் கொடுத்த பட்டியலின் நகல்.

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். 'ஏன் சாக்கடை கட்டவில்லை?' என்று கேட்டால், அந்தச் சட்டப்படி அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. இருக்கிற காகிதத்தைத்தான் கேட்க வேண்டும். 30 நாளில் தர வேண்டும். எனக்குத் தரவில்லை, 'கோப்பு தேடப்பட்டு வருகிறது' என்றார்கள். அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்தேன். அதற்கும் அசையாவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு இரண்டாம் மேல்முறையீடு போகலாம். அது வரைக்கும் போகவில்லை. ஆறு பக்க நகல் வந்தது.

அளவுப் புத்தகத்தில் கால்வாயின் நீளம் 140 மீட்டர் என்று இருந்தது. எங்கள் தெரு மொத்தமே 90 மீட்டர்தான். எதிர்வீட்டுத் தையற்காரம்மாவின் டேப்பை வாங்கி, நானும் அவருமாக ஒன்றரை மீட்டர் ஒன்றரை மீட்டராக, தெரு பூராவும் குனிந்து குனிந்து அளந்தோம். கட்டிய கால்வாய் 60 மீட்டர். அதை ஒரு தாளில் எழுதி, அந்த ஆறு பக்கத்தையும் இணைத்து, 22 வீட்டுக்காரர்களிடம் கையெழுத்து வாங்கி மறுபடியும் தபால் பிரிவில் கொடுத்தேன். எண்ணும் வாங்கினேன். யாரும் குரலை உயர்த்தவில்லை. மூன்றாம் வாரம் ஓவர்சியர் டேப்போடு வந்து நின்றார். அவருடையது நல்ல நீளமான டேப்.

பணியை நேரில் பார்வையிடவும் பொருளின் மாதிரியை எடுக்கவும்கூட அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. சிமெண்ட் சரியில்லை என்று சந்தேகம் இருந்தால் அதைக் கேளுங்கள்.

நிதி இல்லை என்கிற கவுன்சிலரிடம், 'அப்படியானால் இந்தப் பணியை மன்றக் கூட்டத்தின் பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள்' என்று கேளுங்கள். மன்றத்தில் வைத்து நிதி இல்லை என்று தள்ளினாலும் அது தீர்மானப் புத்தகத்தில் ஏறும். மாதாந்திரக் கூட்டத்துக்குச் சில நாள் முன்பே பொருள் பட்டியல் தயாராகிவிடும். கூட்டத்தன்று காலையில் கும்பலாகப் போய் நிற்பதை விட, பட்டியல் தட்டச்சு ஆவதற்கு முன் இரண்டே பேர் போவது மேல். மறியலைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அன்று பள்ளிக்கூட வேனில் மாட்டிக்கொள்வது உங்கள் பிள்ளைகளாகவும் இருக்கலாம்.

கவுன்சிலர்கள் வந்தாலே கமிஷன்தான். அதிகாரிகள் மட்டுமே நிர்வாகம் செய்தால் ஊர் சுத்தமாக இருக்காதா? (ஓய்வு பெற்ற வங்கி ஊழியர்)

அப்படியும் இருந்து பார்த்தோமே சார். 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பழைய மன்றத்தின் காலமும் அதே மாதம் முடிந்தது. கிராம ஊராட்சிகளுக்காவது பெரும்பாலான மாவட்டங்களில் 2019 டிசம்பரில் தேர்தல் வந்துவிட்டது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி 19 அன்றுதான். புது உறுப்பினர்கள் மார்ச் 2 அன்று பதவியேற்றார்கள். ஐந்து வருடம் நான்கு மாதத்துக்கு மேல் தனி அலுவலர் ஆட்சி.

அதில் முதல் சில மாதங்களை நான் உள்ளேயிருந்தே பார்த்தேன். மன்றக் கூடத்தைப் பூட்டிவிட்டார்கள். ஒருநாள் பழைய பதிவேடு எடுக்கத் திறந்தபோது கடிகாரம் நின்றுபோயிருந்தது. தலைவர் நாற்காலியில் புறா முட்டையிட்டிருந்தது. ஆனால் தீர்மானங்கள் மட்டும் நிற்கவில்லை. ஆணையரே தனி அலுவலர். அலுவலகக் குறிப்பு வைப்பதும் அவர், மன்றமாக இருந்து அதை ஏற்பதும் அவர். எதிர்த்துப் பேச ஓர் ஆள் கிடையாது. அவர் நல்லவர்தான், அது வேறு விஷயம். தெருவிளக்கு எரியவில்லை என்று வருகிற அம்மாவுக்கு 'யாரைப் பார்ப்பது' என்றே தெரியாமல் போனது. முன்பெல்லாம் கவுன்சிலர் வீட்டு வாசலில் நின்று திட்டவாவது முடியும். தேர்ந்தெடுத்த மன்றம் இல்லை என்று மத்திய நிதிக்குழு மானியமும் நிலுவையில் நின்றது.

கமிஷன் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மன்றம் இல்லாத காலத்தில் அது எங்கே போயிற்று என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

பகுதி சபை என்று நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். அது கிராம சபை மாதிரியா? போனால் பயன் உண்டா? (கல்லூரி மாணவர்)

மாதிரிதான் தம்பி, ஆனால் அவ்வளவு வயதாகவில்லை. கிராம சபைக்கு ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆறு நாள் இருக்கிறது. ஊராட்சியின் வரவு செலவை அங்கே படிக்க வேண்டும். நகரங்களில் இதற்கான விதிகள் 2022இல்தான் வந்தன. அந்த வருடம் நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று முதல் முறையாகக் கூடியது. தாம்பரம் மாநகராட்சியில் பம்மலில் நடந்த கூட்டத்துக்கு முதல்வர் ஸ்டாலினே போனார். வார்டைப் பல பகுதிகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஒரு சபை. எல்லாவற்றுக்கும் மேலே கவுன்சிலர் தலைமையில் வார்டு குழு. அந்தக் குழுவில் இருப்பவர்களை நாம் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பதில்லை, நியமனம்தான். யார் வருவார்கள் என்பதை உங்கள் தெருக் கொடிக்கம்பத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். எனக்கு இது பிடிக்கவில்லை.

எங்கள் பகுதியில் கடைசியாக நடந்ததற்கு வந்தவர்கள் 11 பேர். அதில் நாலு பேர் தூய்மைப் பணியாளர்கள். ஆள் குறைவாக இருக்கிறது, வந்து உட்காருங்கள் என்று கூப்பிட்டார்களாம். ஷாமியானா போட்டிருந்தார்கள், டீ நன்றாக இருந்தது. ஆனால் அந்த நாலு பேரில் ஒருவர் எழுந்து, 'கையுறை கொடுத்து எட்டு மாசம் ஆச்சு' என்றார். குறிப்பு எழுதியவர் பேனாவை மூடினார். எழுதுங்கள் என்று நான் சொன்னேன், எழுதினார். பத்து நாளில் கையுறை வந்தது.

ஆகையால் போங்கள். தனியாகப் போகாமல் நண்பர்கள் ஐந்தாறு பேராகப் போங்கள். பேசுவதை விட முக்கியம், நடவடிக்கைக் குறிப்பில் என்ன எழுதினார்கள் என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன் படிப்பது. வெறும் தாளில் முதலிலேயே கையெழுத்து வாங்குகிற வழக்கம் சில இடங்களில் உண்டு. போடாதீர்கள்.

அடுத்த முறை சுயேச்சையாக நிற்கலாம் என்று இருக்கிறேன். என்ன செலவாகும்? (பைக் பட்டறை வைத்திருப்பவர்)

21 வயது ஆகியிருக்க வேண்டும், ஊரின் வாக்காளர் பட்டியலில் பேர் இருக்க வேண்டும். 2022இல் நகராட்சி வார்டுக்கு டெபாசிட் 2,000 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கு 1,000.

அந்தத் தேர்தலில் நானும் நின்றேன். 37 ஓட்டில் தோற்றேன். பணம் குறைவு என்பதை விட, நாள் குறைவு என்பதுதான் சுயேச்சைக்குப் பெரிய சிக்கல். வாபஸ் வாங்கக் கடைசி நாள் பிப்ரவரி 7. அன்று வரைக்கும் நமக்கு என்ன சின்னம் என்று தெரியாது. வாக்குப்பதிவு 19ஆம் தேதி. பன்னிரண்டே நாளில் ஒவ்வொரு வீட்டுப் பாட்டிக்கும் ஒரு புதுச் சின்னத்தைப் பழக்க வேண்டும். கட்சிக்காரருக்கு அந்த வேலை அவர் பிறப்பதற்கு முன்பே முடிந்துவிட்டது.

அதனால் பிரசாரத்தை இப்போதே தொடங்கிவிடுங்கள். ஓட்டுக் கேட்க வேண்டாம். வார்டில் யார் வீட்டுக்குக் குடிநீர் இணைப்பு வரவில்லை, யாருக்கு முதியோர் உதவித்தொகை நின்றுபோனது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். என்னிடம் அப்படி ஒரு 200 பக்க நோட்டு இருந்தது. எனக்கு விழுந்த ஓட்டெல்லாம் அந்த நோட்டில் இருந்த வீடுகள்தான். நோட்டுக்குள் வராத இரண்டு தெருவில் தோற்றேன்.

ஜெயித்தால் ஒரு சோதனை இருக்கிறது. இப்போது தலைவரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை, உறுப்பினர்கள்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். 2011இல் நேரடித் தேர்தல், 2022இல் மறைமுகம். பதவியேற்புக்கும் தலைவர் தேர்தலுக்கும் நடுவே இருந்த இரண்டு நாளில் எங்கள் ஊரில் ஜெயித்த சுயேச்சைகள் வீட்டில் இல்லை. மலைப்பிரதேசக் குளிர் நன்றாக இருந்ததாகத் திரும்பி வந்ததும் சொன்னார்கள்.

எங்கள் கவுன்சிலர் ஒரு பெண். ஆனால் போனை எடுப்பது, கையெழுத்து வாங்கி வைப்பது எல்லாம் கணவர்தான். 50 சதவீத இட ஒதுக்கீடு எதற்கு? (ஆசிரியை)

அந்தம்மாவிடம் நேரில் ஒரு முறை பேசிப் பார்த்தீர்களா? எங்கள் பக்கத்து வார்டிலும் இதே கதைதான். நாங்கள் நாலைந்து பெண்கள் மாவு அரைக்கிற மில்லில் வைத்து அவரைப் பிடித்தோம். கணவர் அங்கே வர மாட்டார். குழாய் பற்றி அவருக்கு எங்களை விட அதிகம் தெரிந்திருந்தது. அடுத்த கூட்டத்தில் இரண்டு வரி பேசினார். மனுவை அவர் பேருக்கே எழுதுங்கள், அவர் கையிலேயே கொடுங்கள். இட ஒதுக்கீட்டைக் குறை சொல்லி என்ன செய்வது? கணவருக்கு நாம் வைக்கிற வணக்கத்தை முதலில் நிறுத்துவோம்.

ஆயிரம் ஆண்டுக்கு முன்பே உத்திரமேரூரில் குடவோலை கண்ட நாம் இன்று இப்படி இருக்கிறோமே? (தமிழ்ப் பற்றாளர்)

பெருமைப்படுங்கள், ஆனால் கல்வெட்டை முழுதும் படித்துவிட்டுப் படுங்கள். முதலாம் பராந்தகன் காலத்து அந்தச் சபையில் உறுப்பினராக வரி கட்டுகிற நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், வேதம் தெரிந்திருக்க வேண்டும். நீங்களும் நானும் வெளியேதான் நின்றிருப்போம். கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினரும் மறுபடி வரக் கூடாது என்று அதில் ஒரு விதி இருக்கிறது. அதை மட்டும் எங்கள் மன்றக் கூடச் சுவரில் எழுதி வைக்க எனக்கு ஆசை.

உங்கள் தெருச் சாக்கடை முடிந்ததா இல்லையா? (பலர்)

82 மீட்டர் வந்துவிட்டது. மீதி எட்டு மீட்டரில், கார் ஏற்றுவதற்காக ஒரு வீட்டுக்காரர் போட்ட சிமெண்ட் சாய்தளம் கால்வாயை மறித்துக்கொண்டிருக்கிறது. அந்த வீட்டுக்காரர் என் உடன்பிறந்த தம்பி. ஆறு மாதமாகச் சொல்லிப் பார்க்கிறேன். போன வாரம் நகராட்சியிலிருந்து அவனுக்கு நோட்டீஸ் வந்தது. அதன் ந.க. எண்ணைக் குறித்து வைத்திருக்கிறான். பதில் மனு எப்படி எழுதுவது என்று என்னிடமே கேட்கிறான்.