சின்ன ஷாக்தானே என்று விடாதீர்கள்

கேள்வி: மதுரை செல்லூரில் பழைய ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருக்கிறோம். மகன் படிக்கிற இரும்பு டேபிள் லைட்டைத் துடைக்கும்போது சில நாள் விரலில் சுரீரென்று அடிக்கிறது, சில நாள் ஒன்றுமே இல்லை. சுவிட்சை அணைத்த பிறகும் டெஸ்டர் எரிகிறது. பார்க்க வந்த எலக்ட்ரீஷியன், "லேசாத்தான் இருக்கு, செருப்பு போட்டுக்கிட்டுத் தொடுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பயப்பட வேண்டுமா?

பதில்: பயப்படத்தான் வேண்டும் அம்மா. முதலில் அந்த விளக்கின் பிளக்கைக் கழற்றி வைத்துவிட்டு வந்து மீதியைப் படியுங்கள்.

லேசான ஷாக், பலமான ஷாக் என்று விளக்கில் இரண்டு வகை கிடையாது. அந்த நேரத்தில் உங்கள் கையும் காலும் எவ்வளவு ஈரம் என்பதைப் பொறுத்தது அது. வீட்டுக்கு வருவது 230 வோல்ட். உடம்பில் 1 மில்லிஆம்பியர் பாய்ந்தாலே சுரீர் என்று தெரியும், 10-ஐத் தாண்டினால் பிடித்த கையை விடவே முடியாமல் போகலாம். ஈரக் கையோடு, இப்போதுதான் துடைத்த தரையில் வெறுங்காலோடு நின்றால் உடம்பின் தடை 1,000 ஓம் அளவுக்கு இறங்கிவிடும், அப்போது பாய்வது 200 மில்லிஆம்பியருக்கும் மேல், அது இதயத்தை நிறுத்திவிடக் கூடியது. சில நாள் அடித்து சில நாள் அடிக்காமல் இருப்பது இதனால்தான். செருப்பு போட்டுக்கொள்ளச் சொன்னவர் பழுதை அப்படியே விட்டுவிட்டார், உங்கள் மகன் செருப்போடுதான் படிக்க உட்காருவானா?

அணைத்த பிறகும் டெஸ்டர் எரிகிறது என்றால், சுவிட்ச், கரண்ட் வருகிற பேஸ் வயரில் இல்லாமல் அது திரும்பிப் போகிற நியூட்ரல் வயரில் இருக்கிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். பல்பு அணைந்திருக்கும், ஆனால் ஹோல்டர் வரைக்கும் கரண்ட் நிற்கும். டூ-பின் பிளக்கைத் திருப்பிச் செருகினாலே இப்படி ஆகும். இதற்கு மேல், விளக்கின் கழுத்து வளைகிற இடத்தில் வயரின் தோல் தேய்ந்து இரும்பில் பட்டுக்கொண்டிருக்கலாம். அதன் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றி ஒப்பேற்ற வேண்டாம், புது மூன்று கோர் வயர் போட்டு, த்ரீ-பின் பிளக் மாட்டி, பச்சை வயரை விளக்கின் இரும்பு உடம்போடு முடுக்கச் சொல்லுங்கள். பழைய டியூப்லைட் பட்டியிலும் இதே கதை நடக்கும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

ஆனால் பச்சை வயர் போய்ச் சேர, கசிகிற கரண்டைத் தரைக்குள் இறக்கிவிடும் எர்த் வேண்டுமே! பழைய வீடுகளில் பிளக் பாயிண்டில் மூன்று ஓட்டை இருக்கும், பெரிய ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. சிலர் அதை நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிடுவார்கள், அது மகா ஆபத்து, எங்காவது நியூட்ரல் அறுந்தால் விளக்கு, ஃப்ரிட்ஜ், கிரைண்டர் எல்லாவற்றின் உடம்பிலும் 230 வோல்ட் ஏறிவிடும். எர்த் குழி இருக்கிற வீடு என்றாலும் மதுரை வெயிலில் மண் காய்ந்து எர்த் பலவீனமாகிவிடும், கோடையில் குழியில் அவ்வப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும்.

வீட்டுக்காரர் வயரிங்கை மாற்றித் தர மாட்டேன் என்றால், கசிவு தெரிந்தால் கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றையாவது மெயினில் போட்டுத் தரச் சொல்லி விடாமல் கேளுங்கள். எம்சிபி இருக்கிறதே என்பார், அது அளவுக்கு மீறிக் கரண்ட் பாய்ந்தால் விழுகிற சுவிட்ச், வயரைத்தான் காப்பாற்றும், ஆளை அல்ல. ஆர்சிசிபி, போன கரண்ட் முழுதாகத் திரும்பி வருகிறதா என்று பார்க்கிறது, உங்கள் உடம்பு வழியாகக் கொஞ்சம் தரைக்குப் போனாலும் கண் இமைக்கும் நேரத்தில் துண்டித்துவிடும், எர்த் சரியில்லாத வீட்டிலும் இந்த வேலையைச் செய்யும். மாதம் ஒரு முறை அதிலுள்ள டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள். போட்ட அன்றே அடிக்கடி விழுகிறது என்றால் அதைக் கழற்றிவிடச் சொல்லாதீர்கள், வீட்டில் வேறு எங்கோ கசிவு இருக்கிறது, தேட வேண்டும்.

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் வீட்டில் மழை பெய்தால் சுவிட்ச் போர்டைச் சுற்றிச் சுவரிலேயே ஷாக் அடிக்கிறது. காய்ந்ததும் சரியாகிவிடுகிறது. அப்படியே விடலாமா?

பதில்: கூடாது. ஓதம் ஏறிய சுவருக்குள் தோல் போன வயர் கிடக்கிறது. அடுத்த மழையில் இன்னும் பலமாக அடிக்கலாம். காய்ந்த இடத்தில் நின்று மெயினை அணையுங்கள், ஆள் வந்து வயரின் தோலைச் சோதிக்கும் மெக்கர் கருவியை வைத்துப் பார்த்து அந்த வயரை மாற்றும் வரை அந்தப் பக்கத்து ஃபியூஸ் கேரியரைக் கழற்றியே வைக்கச் சொல்லுங்கள். அந்தச் சுவரில் ஆணி அடித்து இரும்புக் கொடிக்கம்பி கட்டியிருந்தால் மெயினை அணைத்த கையோடு அதையும் அவிழ்த்துவிட்டு, வேறு இடத்தில் நைலான் கயிறு கட்டிக்கொள்ளுங்கள்.