வட்டைப் பூட்டியதால் வேகம் குறைந்ததா?

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில் ஸ்டூடியோ நடத்துகிறேன். கல்யாண வீடியோக்களுக்காக வெளியே செருகும் எஸ்எஸ்டி ஒன்று வாங்கி, உபுண்டுவில் லக்ஸ் (லினக்ஸில் வட்டைக் கடவுச்சொல் போட்டுப் பூட்டும் முறை) கொண்டு குறியாக்கம் செய்தேன். கணினியில் ரேம் 8 ஜிபி. அந்தப் பூட்டைக் கையாளும் கிரிப்ட்செட்டப் கருவியின் வேகச் சோதனை நொடிக்கு 2,000 எம்பிக்கு மேல் காட்டியது. தரவை நகலெடுக்கும் டிடி கட்டளையில் 1 ஜிபி எழுதிப் பார்த்தால் 1,400 என்றது. ஆனால் 64 ஜிபி கார்டை ஏற்ற அரை மணி நேரம் ஆகிறது. குறியாக்கத்தை எடுத்துவிடலாமா?

பதில்: எடுக்க வேண்டாம். ஊரார் வீட்டுக் கல்யாணங்கள் அந்த வட்டில் இருக்கின்றன. அது பஸ்ஸில் தொலைந்தால் பூட்டு ஒன்றுதான் காப்பு.

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு. 64,000 எம்பியை 1,800 நொடியால் வகுத்தால் 35 சொச்சம். இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு 35 என்றதும் யுஎஸ்பி 2.0 நினைவுக்கு வந்துவிடும். ஏட்டுக் கணக்கில் அதன் வேகம் நொடிக்கு 480 மெகாபிட், அதாவது 60 எம்பி. கைக்குக் கிடைப்பது 35 முதல் 40 வரைதான். உங்கள் எஸ்எஸ்டியோ கார்டு ரீடரோ, இரண்டில் ஒன்று பழைய துளையில் செருகப்பட்டிருக்கிறது என்பது என் சந்தேகம்.

அப்படியானால் அந்த 2,000 எங்கிருந்து வந்தது? கிரிப்ட்செட்டப் சோதனை உங்கள் வட்டைத் தொடுவதே இல்லை. நினைவகத்துக்குள்ளேயே தரவைக் குறியாக்கி, மறுபடி பிரித்து, செயலி எவ்வளவு வேகமாகச் செய்கிறது என்று மட்டும் சொல்கிறது. விடையின் முதல் வரியிலேயே ‘நினைவகத்தில் மட்டும், சேமிப்பகம் இல்லை’ என்று அது எழுதிக் காட்டும். அந்த வரியை யாரும் படிப்பதில்லை. பைக் எவ்வளவு வேகம் போகும் என்பது வேறு, குலவணிகர்புரம் ரயில்வே கேட் மூடியிருக்கும்போது எப்போது வீடு போய்ச் சேருவீர்கள் என்பது வேறு. ஆனாலும் அந்த எண் வீணில்லை. பூட்டும் வேலையை நொடிக்கு 2,000 எம்பி வரை செயலி தாங்கும் என்றால், 35-இல் முடங்குவதற்குப் பூட்டு காரணமாக இருக்க முடியாது. உங்கள் சோதனையே குறியாக்கத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டது.

டிடி சொன்ன 1,400 இன்னும் மோசம். நீங்கள் எழுதிய 1 ஜிபி, வட்டுக்குப் போகும் முன் ரேமில் வந்து உட்கார்ந்தது. ‘எழுதிவிட்டேன்’ என்று டிடி சொன்ன நேரத்தில் பெரும்பகுதித் தரவுக்குக் குறியாக்கமே தொடங்கியிருக்காது. டிடியில் கான்வ் என்ற தெரிவுக்கு எஃப்டேட்டாசிங்க் என்று மதிப்புக் கொடுங்கள். வட்டில் இறங்கும்வரை காத்திருந்து கணக்குச் சொல்லும். அதோடு, வெறும் பூஜ்யங்களை எழுதிச் சோதிக்காதீர்கள். சில எஸ்எஸ்டிகள் பூஜ்யங்களைச் சுருக்கி வைத்துக்கொள்ளும். பூட்டிய வட்டில் அதே பூஜ்யங்கள் தாறுமாறான எண்களாக மாறிப் போவதால் சுருங்காது. பழி குறியாக்கத்தின் மேல் விழும்.

ஒரு எச்சரிக்கை: கோப்பின் பெயருக்குப் பதிலாக வட்டின் பெயரையே டிடிக்கு எழுதுமிடமாகக் கொடுத்துவிடாதீர்கள். லக்ஸின் தலைப்பகுதி வட்டின் தொடக்கத்தில்தான் இருக்கிறது. அது அழிந்தால், தனியே நகல் எடுத்து வைத்திருந்தாலன்றி, கடவுச்சொல் தெரிந்தும் பயனில்லை.

வாசிப்புச் சோதனையிலும் ஒரு பொறி உண்டு. புதிதாகப் பூட்டிய எஸ்எஸ்டியில் இன்னும் எதுவும் எழுதாத இடத்தைப் படித்தால், உள்ளே இருக்கும் சில்லுகளைத் தொடாமலே அது விடை அனுப்பிவிடும். வேகம் பிரமாதமாக இருக்கும், ஆனால் பொய்.

ஆகவே உங்கள் கல்யாண வீடியோவையே எடுங்கள். ரேம் 8 ஜிபி என்பதால் 20 ஜிபிக்குக் குறையாத கோப்பாக இருக்கட்டும். கார்டிலிருந்து வேண்டாம், கணினியின் உள்வட்டிலிருந்து நகலெடுங்கள். ரேமில் மிச்சமிருப்பதை வட்டில் இறக்கும் சிங்க் கட்டளை முடியும்வரை நேரத்தைக் குறியுங்கள். திரும்பப் படித்துப் பார்க்கும் முன் வட்டைக் கழற்றி மாட்டுங்கள், இல்லையென்றால் ரேமில் இருப்பதையே படிப்பீர்கள். வேகமாகத் தொடங்கிப் பாதியில் சரிந்தால், எஸ்எஸ்டியின் வேகமான தற்காலிகப் பகுதி நிரம்பிவிட்டது என்று பொருள். மலிவான வட்டுகளின் குணம் அது.

யுஎஸ்பி சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை டி தெரிவுடன் இயக்கினால் ஒவ்வொரு சாதனத்துக்கும் எதிரே 480 என்றோ (பழைய யுஎஸ்பி 2.0) 5000 என்றோ (வேகமான யுஎஸ்பி 3) காட்டும். வட்டுக்கும் ரீடருக்கும் இரண்டையும் பாருங்கள். வண்ணார்பேட்டையில் ஓர் அலுவலகத்தில் இதே புகாருக்காக நான் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து உபுண்டுவை மறுபடி நிறுவினேன். கடைசியில் பார்த்தால், வயர் கணினிப் பெட்டியின் முன்பக்கத்துப் பழைய துளையில் இருந்தது. பின்பக்க நீலத் துளைக்கு, அதாவது யுஎஸ்பி 3-க்கு, மாற்ற அரை நிமிடம்கூட ஆகவில்லை.

குறியாக்கம் உண்மையிலேயே இழுக்கும் இடங்களும் உண்டு. ஏஇஎஸ் என்ற குறியாக்க முறைக்கான தனிக் கட்டளைகள் இல்லாத செயலியில் அந்த வேலை முழுக்க மென்பொருளின் தலையில் விழும். ராஸ்பெரி பை 4 என்ற சிறு கணினி அப்படிப்பட்டது. பை 5-இல் அந்த வசதி வந்துவிட்டது. அத்தகைய கருவிகளுக்காகவே அடியாண்டம் என்ற மாற்று முறையை 2019-இல் கூகுள் அறிவித்தது. 2,000 காட்டும் உங்கள் கணினிக்கு அது தேவையில்லை. நீலத் துளைக்கு மாற்றியும் 35-ஐத் தாண்டவில்லை என்றால் அடுத்து ரீடரை மாற்றுங்கள், அதற்கடுத்து வயரை.