ஒரே பரீட்சைன்னா ஒரே அளவுகோல் வேணும்

கேள்வி: எம் மக டாக்டருக்குப் படிக்கிறா. அவ குரூப்ப சின்ன டவுன் ஆஸ்பத்திரிக்குப் போட்டுட்டாங்க, மத்த பசங்களுக்கு பெரிய ஆஸ்பத்திரி. பரீட்சை மட்டும் எல்லாருக்கும் ஒண்ணுதான், வார்டு மார்க்கும் அங்க ரொம்ப கம்மியா போடுறாங்களாம். அவள பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்த வழி இருக்கா? - ஒரு தாய், சுங்கை சிப்புட்

பதில்: மாத்தச் சொல்லிக் கேக்காதீங்கம்மா. அவ இடத்துக்கு இன்னொரு வீட்டுப் பிள்ள போகும், அதுக்கும் இதே கதிதான்.

சின்ன ஆஸ்பத்திரின்னா மட்டம்னு யார் சொன்னா? செம்பனைத் தோட்டத்த ஒட்டின ஊர்ல டெங்கி, எலிக்காய்ச்சல், பாம்புக்கடி, சக்கரைப் புண்ணுன்னு வர்றவங்கள பசங்க நேரா தொட்டுப் பாத்துக் கத்துக்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில ஒரு கட்டிலச் சுத்தி அத்தன பேர் நின்னா பின்னால நிக்கிற பிள்ளைக்கு டாக்டர் பேசுறதே கேக்காது. ஆனா சில கேஸ் சின்ன ஊருக்கு வரவே வராது, அதுவும் உண்மைதான். அதனால எந்தெந்த நோயாளியப் பாத்திருக்கணும், என்னென்ன கைவேலை செஞ்சு பழகியிருக்கணும்னு எல்லா ஆஸ்பத்திரிக்கும் ஒரே பட்டியல் வேணும், வராத கேஸுக்கு யூனிவர்சிட்டிதான் பொம்மைய வச்சோ, நோயாளியா நடிக்கிற ஆள வச்சோ, கொஞ்ச நாள் வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பியோ ஈடு கட்டணும். அமெரிக்காவுல மருத்துவப் படிப்புக்கு அங்கீகாரம் குடுக்குற எல்.சி.எம்.இ. இத விதியாவே வச்சிருக்கு, எந்த ஆஸ்பத்திரியில படிச்சாலும் அனுபவம் ஒப்பிடுற மாதிரி இருக்கணும், மதிப்பீடு சமமா இருக்கணும்னு.

மார்க் விஷயத்துலதான் எனக்குக் கோவமே வருது. ஒரு ஸ்பெஷலிஸ்ட் கறாரு, இன்னொருத்தர் தாராளம், நடுவுல பிள்ளைங்க மாட்டிக்குது. 1975-ல ஸ்காட்லாந்து டண்டீயில ரொனால்ட் ஹார்டன்ங்கிற டாக்டர் ஆஸ்கிங்கிற செய்முறைப் பரீட்சையப் பத்தி எழுதி வெளியிட்டதே இந்த அதிர்ஷ்டத்தக் கொறைக்கத்தான், எல்லாருக்கும் அதே ஸ்டேஷன் (ஒவ்வொரு வேலையையும் செஞ்சு காட்டுற இடம்), அதே நேரம், அதே மார்க் தாள். ஆனா ஆஸ்கி ஒரு நாள் சமாச்சாரம், வாரக்கணக்குல வார்டுல நின்னதுக்குப் போடுற மார்க்க அது சரி பண்ணாது. அதுக்கு எல்லா ஆஸ்பத்திரி ஸ்பெஷலிஸ்ட்டையும் ஒண்ணா உக்கார வச்சு, ஒரே மாணவர் நோயாளியப் பாக்குற வீடியோவப் போட்டுக் காட்டி, நீங்க ஏன் 4 போட்டீங்க அவர் ஏன் 7 போட்டாருன்னு பேச வைக்கணும், வருஷா வருஷம் ஆஸ்பத்திரி வாரியா மார்க்க பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கணும். இதெல்லாம் யூனிவர்சிட்டியோட வேல, வார்டு வேலையே தலைக்கு மேல இருக்குற டாக்டர திட்டிப் புண்ணியமில்ல.

நம்ம மலேசியாவுல ஹவுஸ்மேன்ஷிப், அதாவது படிச்சு முடிச்ச டாக்டர் ஆஸ்பத்திரியில செய்யுற கட்டாயப் பயிற்சி, 2008-லேருந்து 2 வருஷம், 4 மாசத்துக்கு ஒரு டிபார்ட்மெண்ட்டு, படிக்கும்போது விட்டுப்போனது அங்க ராத்திரி டூட்டியிலதான் தெரிய வரும், அனுபவிக்கிறது நோயாளி.

மககிட்ட சொல்லுங்க, போஸ்டிங் பாதியிலயே லாக்புக்க (பாத்த கேஸ எழுதி வைக்கிற நோட்ட) எடுத்து இன்னும் பாக்காத கேஸையெல்லாம் எழுதி, குரூப்பே கையெழுத்துப் போட்டு கோஆர்டினேட்டர்கிட்ட குடுக்கட்டும், வார்டு மார்க் கொறஞ்சா எதுல கொறைன்னு எழுத்துலயே கேட்டு வாங்கட்டும். ரிசல்ட் வந்தப்புறம் குடுத்தா பெயிலானவங்க பொலம்பல்னு ஓரமா வச்சிடுவாங்க.