மருத்துவ பீடம் கைநழுவிய பின்: மூன்றாம் தடவையா, கிடைத்த இடமா?

உப்புவெளியிலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அவருடைய மகள் உயிரியல் பிரிவில் இரண்டாவது தடவையாக உயர்தரப் பரீட்சை எழுதி, உயிரியலில் ஏ, இரசாயனவியலிலும் பௌதிகவியலிலும் பி எனப் பெறுபேறு பெற்றார். வெட்டுப்புள்ளி வெளியானபோது, மருத்துவ பீடத்துக்குத் திருகோணமலை மாவட்டத்தில் தெரிவான கடைசிப் பிள்ளையை விட இவருடைய இசட் புள்ளி 0.04 குறைவாக இருந்தது. விண்ணப்பத்தில் மருத்துவ பீடங்களை அடுத்து, வீட்டோடு இருந்து படிக்கலாம் என்று கருதிக் குறிப்பிட்டிருந்த சித்த மருத்துவம் திருகோணமலை வளாகத்தில் கிடைத்திருக்கிறது. தந்தை மூன்றாம் தடவையும் எழுத வேண்டும் என்கிறார். கனடாவிலிருக்கும் மாமா பணம் அனுப்புகிறேன், வெளிநாட்டில் மருத்துவம் படிக்க விடுங்கள் என்கிறார். பிள்ளையோ அறையை விட்டு வெளியே வருவதில்லை, கேட்டால் எதுவும் சொல்வதில்லை. “நாங்கள் எதைத் தீர்மானிப்பது, இந்தப் பிள்ளையோடு எப்படிப் பேசுவது?” என்று அந்தத் தாய் கேட்கிறார்.

அம்மா, இரண்டாவது கேள்விக்கே முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன். பிள்ளை பேசும் நிலைக்கு வராமல் முதற் கேள்விக்கு நீங்கள் எடுக்கும் எந்தத் தீர்மானமும் நிலைக்காது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் காலத்திலிருந்தே டொக்டர் என்று அழைக்கப்பட்டு வளர்ந்த பிள்ளைக்கு இது ஒரு பாடநெறி கிடைக்காத விடயம் மட்டுமன்று. தன்னை இன்னாரென்று எண்ணி வந்த எண்ணமே அவருக்குக் குலைந்து போயிருக்கிறது. அந்தத் துயரத்துக்குச் சில நாள் இடம் கொடுங்கள். “அழாதே, இது ஒரு பெரிய விடயமா” என்றும் சொல்ல வேண்டாம், “இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால்” என்றும் சொல்ல வேண்டாம். வேளைக்குச் சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்து, பக்கத்தில் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு வருவது பல வீடுகளில் அறிவுரையை விடக் கூடிய பயன் தந்திருக்கிறது. ஆனால் இரண்டு வாரமாகியும் நித்திரையோ உணவோ ஒழுங்காகாவிட்டால், அல்லது வாழ்ந்து என்ன பயன் என்ற பொருளில் ஒரு வார்த்தையேனும் வந்துவிட்டால், ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம். திருகோணமலை மாவட்டப் பொது வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குச் செல்லலாம். 1926 என்ற தேசிய உளநல உதவி இலக்கத்துக்கு எந்த நேரத்திலும் அழைக்கலாம். அப்படி ஒரு வார்த்தை வந்தால் அதை நேரடியாகவே பிள்ளையிடம் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வளர்ந்துவிடாது. அந்த வேளைகளில் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்.

அடுத்து, அந்த 0.04 என்னவென்று விளங்கிக்கொள்ள வேண்டும். இதை வீட்டில் எல்லோரும் சேர்ந்திருந்து, பெறுபேற்றுத் தாளை மேசையில் வைத்துக்கொண்டு பேசுவது நல்லது. 2001 ஆம் ஆண்டிலிருந்து பல்கலைக்கழக அனுமதிக்குப் பயன்படும் இசட் புள்ளி, ஒரு பாடத்தில் உங்கள் மகள் பெற்ற புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தை எழுதிய பரீட்சார்த்திகளின் இடையை, அதாவது சராசரிப் புள்ளியை, கழித்து, புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்பதைக் காட்டும் நியம விலகலால் வகுத்துப் பெறப்படுவது. மூன்று பாடங்களுக்கும் அவ்வாறு வருவதன் சராசரியே பெறுபேற்றுத் தாளில் நான்கு தசமங்களில் காணப்படுகிறது. ஆகவே அது பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்பதன் அளவு அல்ல. அந்த வருடம் எழுதிய மற்றவர்கள் நடுவே அவர் எங்கே நின்றார் என்பதன் அளவு. ஒரே ஏ சித்திக்குள் 76 புள்ளியும் இருக்கலாம், 95 புள்ளியும் இருக்கலாம். இசட் புள்ளியில் அவ்விரண்டும் மிகத் தூரத்தில் நிற்கும். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் ஏ, பி எழுத்துகளோடு உங்கள் பிள்ளையின் எழுத்துகளை ஒப்பிடுவதில் பொருளில்லாதது இதனால்தான்.

வெட்டுப்புள்ளியும் முன்கூட்டியே யாரோ குறித்து வைத்த சித்தி எல்லை அல்ல. இடங்கள் நிரம்பும்போது கடைசியாக உள்ளே வந்த பிள்ளையின் இசட் புள்ளிக்கே அந்தப் பெயர். மருத்துவம், பொறியியல் போன்ற பாடநெறிகளில் 40 சதவீதம் வரையான இடங்கள் அகில இலங்கைத் திறமை வரிசையிலும், 55 சதவீதம் வரையானவை மாவட்டங்களின் சனத்தொகை விகிதப்படியும், மேலும் 5 சதவீதம் வரையானவை கல்வியில் பின்தங்கியவை என இனங்காணப்பட்ட 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன. திருகோணமலையும் அந்தப் பதினாறில் ஒன்று. இதனால் நமது மாவட்டப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் மருத்துவ இடங்கள் எண்ணக்கூடிய அளவிலேயே இருக்கும்; கடைசி இடத்துக்கும் அதற்கு அடுத்துக் காத்திருந்தவருக்கும் இடையே தசமங்களில்தான் வித்தியாசம் வரும். நாடு முழுவதும் பார்த்தாலும், ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் பல்கலைக்கழகத்துக்குத் தகுதி பெறும் ஆண்டுகளில் அரச பல்கலைக்கழகங்களில் இடம் பெறுவோர் நாற்பதினாயிரத்துச் சொச்சம் பேரே. இந்த அமைப்பில் இடம் கிடைக்காத பிள்ளைகளுள் மிகப் பெரும்பாலானோர் தோற்றவர்கள் அல்லர், இடம் போதாமல் வெளியே நின்றவர்கள். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, கணக்கே அதுதான்.

இனி, மூன்றாம் தடவை. உங்கள் கணவரின் எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. பாடமொன்றின் நியம விலகல் 15 என்று வைத்துக்கொண்டால், சராசரியில் 0.04 ஏறுவதற்கு ஒரே பாடத்தில் ஏறத்தாழ இரண்டு புள்ளிகள் போதும். ஒரு அமைப்புக் கட்டுரையில் ஒரு படி விடுபட்டதற்குள் அது அடங்கிவிடும். ஆனால் இந்த அண்மைதான் பிள்ளைகளை ஏமாற்றுவதும். அடுத்த வருடம் வெட்டுப்புள்ளி அதே இடத்தில் நின்று காத்திருக்காது. முதற்தடவை எழுதும் புதிய பிள்ளைகள் வருவார்கள், இவரைப் போலவே இரண்டு புள்ளி குறைந்த மற்றவர்களும் மீண்டும் எழுதுவார்கள். மேலும் பல்கலைக்கழக அனுமதிக்கு மூன்று தடவைகளே கணக்கில் எடுக்கப்படும் என்பதால் இதுவே கடைசி வாய்ப்பு. அனுமதி அந்தந்த வருடப் பெறுபேற்றைக் கொண்டே நடப்பதால், இப்போது கையில் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு எழுதி, மூன்றாம் தடவை இறங்கிவிட்டால், இந்த வருடப் புள்ளியை எடுத்துக் காட்ட இயலாது. பேசும்போது இந்த ஆபத்தை மறைக்காமல் முன்வைக்க வேண்டும்.

எதைப் பார்த்து முடிவெடுப்பது? முதற் பெறுபேற்றுத் தாளையும் இரண்டாம் பெறுபேற்றுத் தாளையும் அருகருகே வைத்து, இரண்டிலும் உள்ள மாவட்ட நிலையையும் தீவு நிலையையும் பாருங்கள். சித்தி எழுத்துகளை விட இந்த இரண்டு எண்களும் கூடுதல் உண்மையைச் சொல்லும். மாவட்ட நிலை ஒரே வருடத்தில் பெருமளவு முன்னேறியிருந்தால், பிள்ளை இன்னும் ஏறிக்கொண்டிருக்கிறார் என்று கொள்ளலாம். இரண்டு வருடமும் ஏறத்தாழ ஒரே நிலையில் நின்றிருந்தால், இன்னொரு வருடம் அதே வகுப்புகளுக்குப் போய், அதே குறிப்புகளைப் படித்து வேறு பெறுபேறு வரும் என எதிர்பார்ப்பதற்குக் காரணம் வேண்டும். அந்தக் காரணத்தைப் பிள்ளையே சொல்ல வேண்டும். “பௌதிகவியலில் பொறிமுறையும் மின்னியலும் எனக்குக் கைவரவில்லை, இந்த முறை அதை வேறு ஆசிரியரிடம் அடியிலிருந்து படிப்பேன்” என்பது ஒரு காரணம். “சனம் என்ன சொல்லும்” என்பது காரணம் ஆகாது. நான் கண்டவரையில், தந்தையின் கோபத்துக்காக மூன்றாம் தடவை எழுதப் போகும் பிள்ளை புத்தகத்தின் முன்னால் இருக்கும், படிக்காது. தானே விரும்பி எழுதுபவரின் நிலை வேறு. உங்கள் மகள் இரண்டு வருடமும் தன்னால் இயன்ற எல்லாவற்றையும் செய்து களைத்துப் போயிருந்தால், அந்தக் களைப்பையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கிடைத்திருக்கும் இடத்தைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரே ஒரு வரிதான் இருந்தது. “சித்தாதான் கிடைத்தது” என்ற வரி. அந்தத் “தான்” பிள்ளையின் காதிலும் விழுந்திருக்கும். நிலாவெளி வீதியில் கோணேசபுரியிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் உங்கள் வீட்டிலிருந்து சிறிது நேர பஸ் பயணம். அங்கே ஐந்து வருடம் கற்று உள்ளகப் பயிற்சியையும் முடித்தவர், ஆயுர்வேத மருத்துவ சபையில் பதிவு செய்து சட்டப்படி மருத்துவராகத் தொழில் செய்யலாம். 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் அந்தப் பதிவுக்கு அடிப்படை. கப்பல்துறை ஆயுர்வேத வைத்தியசாலைக்கு ஒரு காலை வேளையில் மகளையும் அழைத்துச் சென்று, வெளிநோயாளர் வரிசையையும் அங்கு பணிபுரியும் மருத்துவர்களையும் பார்த்து, அவர்களோடு பேசிவிட்டு வாருங்கள். இணையத்தில் தேடுவதை விட அது பயன் தரும். அதேவேளை இதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும்: இது மேலைத்தேய மருத்துவத்துக்கான பின்கதவு அன்று, இந்தப் பட்டத்தைக் கொண்டு இலங்கை மருத்துவ சபையில் பதிவு பெற முடியாது, அரச நியமனம் பட்டம் பெற்ற கையோடு கிடைக்கும் என்ற உத்தரவாதமும் இல்லை. மூலிகையும் நாடியும் மகளுக்குச் சிறிதும் ஆர்வம் தராவிட்டால் ஐந்து வருடம் மிக நீண்ட காலம். ஆர்வம் இருக்கிறதா என்பதை அவர் இன்னும் தன்னிடமே கேட்டுப் பார்த்திருக்கமாட்டார் என்றே நினைக்கிறேன், ஏனென்றால் அந்தத் தெரிவு விண்ணப்பத்தில் ஒரு பாதுகாப்புக்காக எழுதப்பட்டது.

இந்த இடத்தில் மற்றப் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. விருப்பத் தெரிவு வரிசையை நிரப்பும்போது மருத்துவ பீடங்களை எழுதிய பின் மீதியைக் கவனமின்றி நிரப்பும் வழக்கம் நம்மிடையே உண்டு. தாதியியல், மருந்தகவியல், மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், இயன்மருத்துவம், கால்நடை மருத்துவம், விவசாயம் என உயிரியல் பிரிவுக்கு உள்ள பாதைகள் பல. யாழ்ப்பாணத்திலும் பேராதனையிலும் மட்டக்களப்பிலும் இவற்றில் பல கற்பிக்கப்படுகின்றன. தெரிவு பிள்ளை எழுதிய வரிசைப்படியே நடப்பதால், ஐந்தாவதாகவும் ஆறாவதாகவும் எழுதும் வரிக்குக்கூட முதல் வரிக்குரிய யோசனை தேவை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அனுமதிக் கைநூலை விண்ணப்ப முடிவுத் திகதிக்கு முதல் நாள் இரவில் திறப்பது போதாது.

மாமாவின் யோசனையை நன்றியோடு கேளுங்கள், அவசரப்படாதீர்கள். வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்புபவர் இங்கே தொழில் செய்வதற்கு, படித்த நிறுவனம் இலங்கை மருத்துவ சபையால் அங்கீகரிக்கப்பட்டதாக இருக்க வேண்டும், அதன்பின் வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளுக்கென அந்தச் சபை நடத்தும் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். ஆகவே முகவர் காட்டும் வண்ணப் புத்தகத்தை நம்பாமல், பல்கலைக்கழகத்தின் பெயரை மருத்துவ சபையிடம் நேரடியாக விசாரித்து, மகளின் உயர்தரப் பெறுபேறு அவர்களுடைய தகைமை விதிக்குப் பொருந்துகிறதா என்பதையும் எழுத்தில் உறுதிப்படுத்திய பின்னரே முற்பணம் பற்றிப் பேச வேண்டும். முதல் வருடத்துக்கு மாமா அனுப்பும் பணம் இருக்கும். நான்காம் வருடத்தில் அவருக்கு வேலை போனால் என்ன செய்வது என்ற கேள்வியையும் இப்போதே அவரிடம் கேட்டுவிடுங்கள். வீட்டு உறுதியை ஈடு வைக்கும் யோசனை யாருக்காவது இருந்தால், அதை மகளுக்குத் தெரியாமல் செய்ய வேண்டாம். அந்தக் கடனின் பாரம் எப்படியும் அவருடைய தலையில்தான் இறங்கும்.

மேன்முறையீடு பற்றியும் கேட்டிருந்தீர்கள். விடைத்தாள் மீள்பரிசீலனைக்குரிய காலம் பெறுபேறு வந்த உடனேயே தொடங்கிச் குறுகிய காலத்தில் முடிந்துவிடுவதால், நீங்கள் அப்போது விண்ணப்பித்திருந்தால் மட்டுமே அதில் எதிர்பார்ப்பு வைக்கலாம். தெரிவானவர்களுள் சிலர் பதிவு செய்யாமல் விடுவதால் ஏற்படும் வெற்றிடங்கள் பின்னர் நிரப்பப்படுகின்றன. 0.04 வித்தியாசத்தில் நிற்கும் ஒருவருக்கு அது வெறும் கனவு அன்று என்றாலும், அதை நம்பி இப்போதுள்ள பதிவுத் திகதியைத் தவற விடுவது மிகப் பெரிய தவறாகிவிடும். பதிவு செய்தவர் மீண்டும் விண்ணப்பிப்பதற்குக் கைநூலில் கட்டுப்பாடுகள் உள்ளன. ஆகவே பதிவு செய்துவிட்டு மூன்றாம் தடவையும் எழுதலாம் என்று எவராவது எளிதாகச் சொன்னால், அந்தப் பகுதியை வரி வரியாக வாசித்து, ஐயமிருந்தால் ஆணைக்குழுவிடமே கேட்டுத் தெளிவுபெற்ற பின்னரே கையொப்பமிட வேண்டும்.

உறவினருக்கு என்ன சொல்வது என்ற கவலை உங்கள் கடிதத்தின் அடியில் இருந்தது. “வளாகத்தில் இடம் கிடைத்திருக்கிறது, பிள்ளை யோசித்துக்கொண்டிருக்கிறார்” என்ற ஒரு வசனம் போதும். அதை நீங்களும் கணவரும் ஒரே மாதிரியாகச் சொல்லுங்கள். பிள்ளையின் இசட் புள்ளியைத் தொலைபேசியில் கேட்பவருக்குச் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

பதிவுத் திகதிக்குக் குறைந்தது ஐந்து நாள் முன்பாக, ஒரு மாலையில் மூவரும் இருந்து பேசுங்கள். முதலில் மகள் பேசட்டும், தந்தை கடைசியாகப் பேசட்டும். அன்றே முடிவு வராவிட்டால் மறுநாளும் தொடரலாம். அந்தப் பேச்சுக்குப் பின்னும் மூன்றாம் தடவை பற்றித் தெளிவு வராவிட்டால், இரண்டு வருடப் பெறுபேற்றுத் தாள்களின் படிகளையும், விண்ணப்பத்தில் எழுதிய விருப்பத் தெரிவு வரிசையையும், மகள் தன் கையால் எழுதிய ஒரு பக்கத்தையும் எனக்கு அனுப்பிவையுங்கள். பெயரையும் சுட்டிலக்கத்தையும் மறைத்து அனுப்பினால் போதும்.